சுழல் பொறியின் உள்ளிழுப்புத் துளை நேரமும் வீட்டில் கட்டப்படும் வானூர்திகளும்

உள்ளிழுப்புத் துளை நேரம் என்பது வாங்கெல் வகைச் சுழல் பொறியில் காற்று, எரிபொருள் கலவை நுழையும் துளை எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்பதைக் குறிக்கும் அளவாகும். தண்டு சுழலும் கோணத்தில், பாகைகளாக இது கூறப்படுகிறது. மகிழுந்துக்காக உருவான இப்பொறியைத் தாமே கட்டிய சிறு வானூர்திகளில் பொருத்தியவர்களுக்கு, இந்த அளவு ஆற்றலையும் பாதுகாப்பையும் ஒருங்கே தீர்மானிக்கும் ஒன்றாக அமைந்தது.

பெயர்க் குழப்பம்

முதல் உலகப் போர்க்கால வானூர்திகளில் இருந்த நோம் போன்ற பொறிகளும் சுழல் பொறிகள் என்றே அழைக்கப்பட்டன. அவற்றில் உருளைகள் அனைத்தும் விசிறியோடு சேர்ந்து சுழன்றன. இக்கட்டுரை கூறுவது வேறு வகை. இதில் முட்டை வடிவ அறைக்குள் முக்கோண வடிவச் சுழலி சுற்றுகிறது. ஜெர்மானியரான பெலிக்ஸ் வாங்கெலின் கருத்தில் உருவான முதல் பொறி, என்.எஸ்.யு. நிறுவனத்தில் 1957 பிப்ரவரி 1 அன்று இயங்கியது. அங்கேயே ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே அதை எளிமையாக்கி, இன்று வழங்கும் வடிவத்தைத் தந்தார்.

துளை திறக்கும் முறை

இப்பொறியில் வால்வுகள் இல்லை. சுழலியே துளையைத் திறந்து மூடுகிறது. சுழலி ஒரு முறை சுற்றும்போது தண்டு மூன்று முறை சுற்றும். எனவே ஒரு முழுச் சுழற்சிக்கு 1080 பாகை. உள்ளிழுத்தல் முதலிய நான்கு கட்டங்களுக்கும் தலா 270 பாகை கிடைக்கிறது.

துளையை இரண்டு இடங்களில் அமைக்கலாம். பக்கத் தகட்டில் அமைந்தால் அது பக்கத் துளை. மாஸ்டா பொறிகளில் இது மேல் முடிவுப் புள்ளியைத் தாண்டிச் சுமார் 30 பாகையில் திறந்து, கீழ் முடிவுப் புள்ளிக்குப் பின் மூடும். அறையின் வளைந்த சுவரில் அமைந்தால் அது விளிம்புத் துளை. சுழலியின் முனைகள் தண்டின் 360 பாகைக்கு ஒன்றாக அதைக் கடப்பதால், ஒவ்வோர் அறைக்கும் அது 360 பாகைக்கு மேல் திறந்திருக்கும். ஆகவே வெளியேற்றுத் துளை மூடுவதற்கு முன்பே உள்ளிழுப்புத் துளை திறந்துவிடுகிறது. இதுவே மேற்கவிவு. மிகு வேகத்தில் இது காற்றை நன்கு நிரப்பும். குறைந்த வேகத்தில் எரிந்த புகை திரும்பக் கலந்து பொறி தடுமாறும்.

மகிழுந்துகளில்

1967இல் வந்த என்.எஸ்.யு. ஆர்ஓ 80 விளிம்புத் துளையைக் கொண்டிருந்தது. அதே ஆண்டில் வந்த மாஸ்டா காஸ்மோ பக்கத் துளையைத் தேர்ந்தது. நகரச் சாலையில் சீராக ஓட வேண்டும் என்பதே காரணம். ஆனால் 1991இல் லே மான் 24 மணிப் பந்தயத்தில் வென்ற மாஸ்டா 787பி வண்டியின் நான்கு சுழலிப் பொறி விளிம்புத் துளை கொண்டது. பந்தய வண்டி எப்போதும் மிகு வேகத்தில் ஓடுவதே இதற்குக் காரணம்.

வானூர்திகளில்

அமெரிக்காவில் தன்னார்வலர் கட்டும் வானூர்திகள் சோதனை வகையில் பதிவாகின்றன. அவற்றில் சான்று பெற்ற வானூர்திப் பொறியே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1978இல் அறிமுகமான மாஸ்டா ஆர்எக்ஸ்-7 வண்டிகள் பழையனவாகிக் கழிக்கப்பட்டபோது, அவற்றின் பொறிகள் குறைந்த விலைக்குக் கிடைத்தன. தலா 654 கன செ.மீ. கொண்ட இரு சுழலிகள் உடைய 13பி பொறி அவர்களிடையே பெயர் பெற்றது.

விசிறி நிமிடத்திற்கு 2700 சுற்றுகளுக்கு மேல் திறம்படச் சுழலாது. எனவே இடையில் பல்சக்கரக் குறைப்பி பொருத்தப்படுகிறது. விகிதம் 2.85 எனில், பொறி 7500 சுற்றில் ஓடும்போது விசிறி ஏறத்தாழ 2630 சுற்றில் சுழலும். மகிழுந்தைப் போல நின்று நின்று போகாமல், வானூர்தி நெடுநேரம் மிகு வேகத்திலேயே ஓடுகிறது. அதனால் துளையைத் தாமதமாக மூடச் செய்வது இங்குப் பயன் தருகிறது.

இதற்கு மூன்று வழிகள் கையாளப்பட்டன. பக்கத் துளையின் மூடும் விளிம்பை அரைத்துப் பெரிதாக்குவது முதல் வழி. அளவு மீறி அரைத்தால் குளிர்நீர்ப் பாதை ஓட்டையாகி, வார்ப்பிரும்புத் தகடே வீணாகும். இரண்டாவது, பக்கத் துளைக்கு மேல் சிறு கூடுதல் துளை வெட்டி, இடையில் மெல்லிய பாலம் விடுவது. பாலம் உடைந்தால் மூலை அடைப்பான் அதில் சிக்கிப் பொறி சேதமடையும். சாலையில் இது செலவு. ஒற்றைப் பொறி வானூர்தியில் உயிருக்கே ஆபத்து. மூன்றாவது விளிம்புத் துளை. துளையைச் சிறிதாக வைத்தால் மேற்கவிவு குறைந்து, தரையிறங்கும்போது தேவைப்படும் மெதுவான ஓட்டமும் ஓரளவு சீராகும்.

துளை நேரத்தோடு காற்றுக்குழாயின் நீளமும் பொருந்த வேண்டும். துளை மூடும்போது எழும் அழுத்த அலை சரியான நேரத்தில் திரும்பி வந்தால்தான் கூடுதல் காற்று நிரம்பும். பொறிக்கூட்டின் குறுகிய இடத்தில் நீளமான குழாயை அமைப்பது கடினம். மேற்கவிவு மிகுந்த பொறியில் டர்போ பொருத்தினால், அழுத்தி அனுப்பிய காற்றில் ஒரு பகுதி எரியாமலே வெளியேறிவிடும்.

பின்னைய வளர்ச்சி

2003இல் ஆர்எக்ஸ்-8 வண்டியில் வந்த ரெனிசிஸ் பொறியில் மாஸ்டா வெளியேற்றுத் துளையையும் பக்கத்திற்கு மாற்றியது. இதனால் மேற்கவிவு முற்றிலும் நீங்கியது. உள்ளிழுப்புத் துளையைப் பெரிதாக்கவும் முடிந்தது. வீட்டில் வானூர்தி கட்டுவோர் சிலர் இப்பொறியையும் பயன்படுத்தியுள்ளனர். அந்த வண்டியின் உற்பத்தி 2012இல் நின்றது.