வெள்ளிமுனையும் கரித்துண்டும்: பென்சிலின் இரு வம்சங்கள்

ஓவியம் பழகத் தொடங்கும் எவரும் முதல் மாதத்திலேயே கேட்டுவிடுகிற கேள்வி ஒன்று உண்டு. சீவிப் பயன்படுத்தும் மரப் பென்சிலா, அல்லது நம் ஊர்க் கடைகளில் 'பேனா பென்சில்' என்று கேட்டால் எடுத்துத் தருகிற, பின்புறம் அழுத்தினால் லெட் நீளும் மெக்கானிக்கல் பென்சிலா? பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒன்றைப் பழமையின் பக்கமும் மற்றதைப் புதுமையின் பக்கமும் நிறுத்திவிடுகிறார்கள். மரப் பென்சில் என்றால் மரபு, கைத்திறன்; மற்றது இயந்திரம், துல்லியம், அலுவலகம். பென்சிலின் வரலாற்றைச் சற்றுப் பொறுமையாகப் புரட்டினால் இந்தப் பிரிவினை நிலைக்காது என்பது விளங்கும். ஓவியனைப் பொறுத்தவரை கேள்வி கருவியின் வயதைப் பற்றியதன்று; அது தருகிற கோட்டைப் பற்றியது. பென்சிலுக்கு முன்பே ஓவியத்தில் இருவகைக் கோடுகள் இருந்தன. அவற்றிலிருந்து தொடங்குவதே முறை.

முதலாவது, உலோக முனையின் கோடு. எலும்புச் சாம்பலையும் பசையையும் கலந்து பூசிய தாளின் மேல் வெள்ளிக் கம்பியால் இழுத்தால், மெல்லிய சாம்பல் நிறக் கோடு விழும். நாளடைவில் அது பழுப்பேறும். கம்பியை ஒரு பிடியில் செருகி வைத்திருப்பார்கள். எவ்வளவு அழுத்தினாலும் கோடு பெரிதாகத் தடிக்காது, கறுக்காது. அழிக்கவும் இயலாது. நிழல் வேண்டுமென்றால் அருகருகே நூற்றுக்கணக்கான கோடுகளை அடுக்கித்தான் ஆக வேண்டும். 1484இல், பதின்மூன்று வயதுச் சிறுவனாக, ஆல்பிரெக்ட் டூரர் கண்ணாடியைப் பார்த்துத் தன்னைத்தானே வரைந்துகொண்ட படம் இன்று வியன்னாவின் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது வெள்ளிமுனையால் வரையப்பட்டது. மாறாத கோடு ஓவியத்துக்குத் தடை என்று சொல்பவர்கள் அந்தப் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசலாம்.

இரண்டாவது, கரித்துண்டின் கோடு. முனையால் தொட்டால் கீற்று, பக்கவாட்டில் சாய்த்தால் பட்டை, விரலால் தேய்த்தால் புகை. கையின் எடையும் வேகமும் தயக்கமும் அதில் அப்படியே பதியும். ஆனால் நுட்பம் கைகூடாது. ஊதினாலே பாதி பறந்துவிடும். ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பொருள் வந்து சேர்ந்ததே பென்சிலின் கதை.

அந்தப் பொருள் பதினாறாம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் கம்பர்லாண்ட் பகுதியில், பாரோடேல் பள்ளத்தாக்கில் வெளிப்பட்டது. அறுத்தால் குச்சியாக வரக்கூடிய அளவுக்குத் தூய்மையும் கெட்டித்தன்மையும் கொண்ட கருங்கனிமம். அதைக் கறுப்பு ஈயம் என்று நம்பினார்கள். அது கரிமமே என்று வேதியியலாளர் ஷீலே 1779இல் காட்டினார். 'எழுது' என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து கிராஃபைட் என்ற பெயரை வெர்னர் 1789இல் சூட்டினார். பிழையான பெயர் மட்டும் இன்றுவரை போகவில்லை. ஜெர்மானியர்கள் பென்சிலை ஈயக்குச்சி என்றே அழைக்கிறார்கள். ஈயம் ஒரு துளியும் இல்லாத பொருளை நாமும் 'லெட்' என்றுதான் கடையில் கேட்கிறோம். பீரங்கிக் குண்டுகளுக்கான அச்சுகளில் பூசவும் இக்கனிமம் பயன்பட்டதால் அதன் மதிப்பு ஏறியது; சுரங்கத்திலிருந்து திருடுவதைக் கடுங்குற்றமாக்கி 1752இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பென்சிலின் முதல் படம் எனக் கருதப்படுவது, சூரிச் நகர மருத்துவரும் இயற்கையியலாளருமான கான்ராட் கெஸ்னர் 1565இல் வெளியிட்ட, நிலத்திலிருந்து தோண்டியெடுக்கப்படும் பொருள்களைப் பற்றிய நூலில் இருக்கிறது. ஒருவகை ஈயம் என்று அவர் நினைத்த, சிலர் இங்கிலாந்து அஞ்சனக்கல் என்று அழைப்பதாகக் குறிப்பிட்ட அந்தக் கனிமத்தின் துண்டு, ஒரு மரக் குழலின் நுனியில் செருகப்பட்டிருக்கிறது. குழல் நிலையானது, துண்டு தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். அதாவது நாம் அறிந்த முதல் பென்சில், சீவும் பென்சில் அன்று. அது ஒரு பிடி. மெக்கானிக்கல் பென்சிலின் அடிப்படை எண்ணம், முழுநீளக் கிராஃபைட்டை மரத்துக்குள் வைத்து ஒட்டுகிற எண்ணத்துக்கு இளையதன்று.

ஒட்டுகிற வேலையைத் தச்சர்களின் கைவண்ணம் என்றே சொல்லலாம். பள்ளமிட்ட மரத்துக்குள் கிராஃபைட் குச்சியை வைத்து, மேலே இன்னொரு மரத்துண்டை ஒட்டிவிடுவது தச்சருக்கு இயல்பாகத் தோன்றக்கூடிய தீர்வு. ஜெர்மனியில் ஒரு பழைய வீட்டின் கூரை மரங்களுக்கிடையே கண்டெடுக்கப்பட்ட பதினேழாம் நூற்றாண்டுத் தச்சுப் பென்சில் ஒன்று ஃபேபர்-காஸ்டல் நிறுவனத்தின் சேகரிப்பில் இருக்கிறது. இந்த ஏற்பாட்டில் ஓவியனுக்கு ஒரு புதிய சுதந்திரம் கிட்டியது. கத்தியைக் கையில் எடுத்தவுடன் முனையின் வடிவம் அவன் முடிவாகிறது. ஊசியாகச் சீவலாம், உளிபோல் தட்டையாக்கலாம், ஒரு விரற்கடை நீளத்துக்கு மரத்தை நீக்கி லெட்டின் விலாவையே தூரிகைபோல் பயன்படுத்தலாம். வெள்ளிமுனையின் கோடும் கரியின் பட்டையும் முதன்முறையாக ஒரே குச்சியில் கூடின.

ஆனால் அதற்குத் தரம் சீராக இருக்க வேண்டுமே? அதைப் போர் கொண்டுவந்தது. 1793இல் பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்டபோது பாரோடேல் கிராஃபைட் பிரான்சுக்கு வருவது நின்றது. மாற்று ஒன்றைத் தேடுமாறு லாசார் கார்னோ கேட்டுக்கொண்டது, நிக்கோலா-ஜாக் கோன்ட்டே என்பவரிடம். ஓவியர், பலூன் நிபுணர், ஹைட்ரஜன் சோதனையொன்றில் ஒரு கண்ணை இழந்தவர். மட்டமான கிராஃபைட்டைப் பொடித்து, களிமண்ணோடு பிசைந்து, குச்சிகளாக்கிச் சூளையில் சுடும் முறைக்கு அவர் 1795இல் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் லெட் கடினமாகும், கோடு வெளிறும். குறைந்தால் மென்மையும் கருமையும் கூடும். கோடு எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே நிர்ணயிக்க முடிந்தது இதன் பின்னர்தான். அவ்வழியே சென்ற ஹார்ட்முத் நிறுவனம் 1889இல் கோஹினூர் வைரத்தின் பெயரைத் தாங்கிய மஞ்சள் பென்சிலைப் பதினேழு தரங்களில் கொண்டுவந்தது.

இவ்வாறு கிடைத்த வீச்சை ஓவியர்கள் எப்படிப் பயன்படுத்தினர் என்பதற்கு இரு எல்லைகளைச் சுட்டலாம். ரோம் நகரில் வாழ்ந்த ஆங்கர், நெப்போலியனின் வீழ்ச்சிக்குப் பின் வருமானத்துக்காக அங்கு வந்த பயணிகளைப் பென்சிலால் வரைந்தார். 1819இல் அவர் வரைந்த பகானினியின் உருவப்படம் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. இத்தகைய படங்களில் முகம் வெள்ளிமுனை ஓவியத்தின் நுட்பத்தோடு அமைந்திருக்கும்; உடைக்கு வரும்போது கோடு தளர்ந்து விரையும். மறு எல்லையில், ஹேக் நகர நாட்களில் தச்சுப் பென்சிலால் வரைந்த வான்கோ இருக்கிறார். ஃபேபரின் தடித்த, மென்மையான பென்சிலின் கருமையைத் தம் நண்பர் வான் ராப்பார்டுக்கு எழுதிய கடிதத்தில் அவர் வியந்து பாராட்டியிருக்கிறார். பெர்லினின் அடால்ஃப் மென்செலும் தச்சுப் பென்சிலையே விரும்பியவர். ஆங்கரிடம் வெள்ளிமுனையின் வம்சம். வான்கோவிடமும் மென்செலிடமும் கரித்துண்டின் வம்சம்.

இனி மெக்கானிக்கல் பென்சில். 1791இல் ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் மூழ்கிய பண்டோரா என்ற பிரிட்டிஷ் கப்பலின் சிதைவுகளிலிருந்து அவ்வகைப் பென்சில் ஒன்று மீட்கப்பட்டிருக்கிறது. 1822இல் லண்டனில் சாம்ப்சன் மார்டனும் ஜான் ஐசக் ஹாக்கின்ஸும் லெட்டை முன்னோக்கி நகர்த்தும் பொறியமைப்புக்குக் காப்புரிமை பெற்றனர். பின்னர் மார்டன் செய்த வெள்ளிப் பென்சில்கள் கனவான்களின் சட்டைப்பைகளை அலங்கரித்தன. டோக்கியோவின் ஹயகாவா தொகுஜி 1915இல் உருவாக்கிய உலோகப் பென்சில் பெரும் வெற்றி கண்டது. 1923ஆம் ஆண்டின் கான்டோ நிலநடுக்கத்தில் அவர் மனைவியையும் இரு பிள்ளைகளையும் தொழிற்சாலையையும் இழந்தார். கடனுக்காகப் பென்சில் தொழிலைக் கைமாற்றிவிட்டு, ஒசாகாவில் வானொலி செய்யத் தொடங்கினார். 'ஷார்ப்' என்ற பெயரில் இன்று நாம் அறிகிற மின்னணு நிறுவனம் அதுதான். அந்தப் பெயர் பென்சிலிலிருந்து வந்தது. ஜப்பானியர்கள் மெக்கானிக்கல் பென்சிலை இன்றும் 'ஷார்ப்' என்ற சொல்லாலேயே குறிக்கிறார்கள்.

இவையெல்லாம் முதன்மையாக எழுதுவதற்கான கருவிகள். களிமண்ணால் கட்டிய லெட்டை மிக மெல்லியதாக்கினால் ஒடிந்துவிடும் என்பதால் கோடு தடித்தே இருந்தது. களிமண்ணுக்குப் பதிலாகப் பிசினைச் சேர்த்துச் சுட்ட லெட்டை ஜப்பானில் பென்டெல் நிறுவனம் 1960களில் கொண்டுவந்தபோதுதான் 0.9, 0.5 மில்லிமீட்டர் என்ற மெல்லிய அளவுகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றை ஆவலோடு ஏற்றுக்கொண்டது பொறியாளர்களின் வரைபலகை. காரணம் உண்டு. ஏ4 தாளை ஏ3 ஆகப் பெரிதாக்கினால் ஒவ்வொரு நீளமும் ஏறத்தாழ 1.4 மடங்காகும். வரைபடக் கோடுகளுக்கு 0.35, 0.5, 0.7 என்று உலகத் தரம் வகுத்த அகலங்களும் அதே விகிதத்தில் ஏறுகின்றன. அந்த உலகில் கோடு என்பது தகவல். தடித்த கோட்டுக்கு ஒரு பொருள், மெல்லியதற்கு வேறொரு பொருள். கையின் தயக்கம் அதில் தெரிந்தால் அது பிழை. மாறாத கோடு அங்கே ஓர் அறம்.

1982இல் ஆட்டோகேட் மென்பொருள் வெளிவந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் வரைபலகைகள் கணினித் திரைகளுக்கு இடம்விட்டன. எந்த வேலைக்காகக் கூர்மையின் உச்சத்தை எட்டியதோ அந்த வேலையையே இழந்த பின்னும், மெல்லிய பென்சில் மாணவர்களிடமும் ஓவியர்களிடமும் தங்கிவிட்டது. எழுத எழுத லெட்டைத் தானே சிறிது சிறிதாகச் சுழற்றி, முனை ஒருபக்கமாகத் தேயாமல் காக்கும் பென்சிலை 2008இல் மிட்சுபிஷி பென்சில் நிறுவனம் வெளியிட்டது. கோடு மாறவே கூடாது என்ற பழைய பிடிவாதத்தின் தொடர்ச்சி அது.

ஆகவே ஓவியனுக்கான பதிலை இவ்வாறு சொல்லலாம். கட்டடத்தின் சாளரங்கள், பூச்சியின் சிறகு நரம்புகள், பயணத்தில் மடியில் வைத்து வரையும் சிறு குறிப்புகள் ஆகியவற்றுக்கு 0.3 அல்லது 0.5 மில்லிமீட்டர் லெட் உத்தமமான கருவி. அதைக் கையில் எடுப்பவர் வெள்ளிமுனையின் ஒழுக்கத்தை ஏற்கிறார்; நிழலைக் கோடுகளை அடுக்கித்தான் கட்ட வேண்டும், அழுத்தினால் ஒடியும். முகத்தில் விழும் நிழலின் பரப்பு, மழைமேகம், முதுகு வளைந்த ஒரு மனிதனின் பாரம் ஆகியவற்றுக்குச் சாய்த்துப் பிடிக்கும் லெட்டின் விலா வேண்டும். அதை அரை மில்லிமீட்டர் தராது. இரண்டும் வேண்டுபவருக்கு 2 மில்லிமீட்டர், 5.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள லெட்டைக் கவ்விப் பிடிக்கும் பிடிகள் இருக்கின்றன. அந்த லெட்டை விரும்பிய வடிவில் தீட்டிக்கொள்ளலாம்; பிடியோ தேயாது. கெஸ்னர் 1565இல் காட்டிய கருவி, உலோக உடுப்பு அணிந்து திரும்பி வந்திருக்கிறது என்றே அதைக் கொள்ள வேண்டும்.

எனினும் கற்கத் தொடங்குபவருக்கு மரப் பென்சிலையே பரிந்துரைப்பேன். மெல்லிய பென்சிலில் கோட்டின் அகலத்தைத் தொழிற்சாலை முன்பே முடிவு செய்துவிடுகிறது. கற்பவர் அதைப் பற்றி யோசிக்கவே நேர்வதில்லை. மரப் பென்சிலைச் சீவும் ஒவ்வொரு முறையும், அடுத்து வரப்போவது எப்படிப்பட்ட கோடு என்று அவர் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவை எடுக்கப் பழகிய கை, பின்னாளில் மாறாத கோட்டைத் தேர்ந்தெடுத்தாலும் அது தேர்வாகவே இருக்கும்.