வலியும் வியர்வையும் அற்ற குழந்தைகள்

வியர்வையை விரும்புவோர் எவரும் இலர்; வலியை விரும்புவோர் அதனினும் இலர். தில்லியிலும் நாகபுரியிலும் மே மாதத்து வெயிலில் அலுவலகம் சென்று மீளும் நம்மவர்க்கு, வியர்வாத உடல் ஒரு வரமாகவே தோன்றக்கூடும். இவ்விரண்டும் பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் உலகில் மிகச் சிலர் உளர். அவர்தம் நோய்க்குக் காரணம் கண்ட வரலாற்றை இன்று நேயர்களுக்குக் கூற விழைகின்றேன்.

1932-ஆம் ஆண்டில் டியர்பார்ன் என்னும் அமெரிக்க மருத்துவர், வலியறியாத மனிதர் ஒருவரைப் பற்றி எழுதினார். மேடையில் ஏறித் தம் உடம்பில் ஊசிகளைக் குத்தச் செய்து பிழைத்தவர் அவர். காசு கொடுத்தவர்க்கு அது வேடிக்கை. மருத்துவர்க்கும் நெடுநாள் வரை அது ஒரு விந்தையாகவே இருந்தது.

1963-ஆம் ஆண்டில் ஸ்வான்சன் என்பார் வேறொரு செய்தியை வெளியிட்டார். உடன்பிறந்த சிறுவர் இருவர். வலி தெரியவில்லை, சூடும் குளிரும் சரிவரத் தெரியவில்லை, வியர்வையும் இல்லை. தொட்டால் மட்டும் உணர்ந்தனர். இத்தகைய குழந்தைகள் பல் முளைத்ததும் தம் நாவையும் விரல் நுனியையும் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வர். முறிந்த காலோடு நடப்பர். அதனினும் கொடியது காய்ச்சல். வியர்த்து ஆறும் வழி அடைபட்டிருத்தலால், உடலின் வெப்பம் வரம்பின்றி ஏறுகிறது. அச்சகோதரருள் ஒருவன் தன் 12-ஆம் வயதில் கடுஞ்சுரத்தால் மாண்டான். அவனுடலை ஆராய்ந்து 1965-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட அறிக்கை, வலியைச் சுமக்கும் மெல்லிய நரம்பிழைகள் முதுகுத் தண்டில் நுழையும் இடத்தில் காணப்படவில்லை என்றது.

வலியின்மை உடலைச் சிதைக்கும் விதத்தை நம் வேலூர் முன்னரே அறிந்திருந்தது. கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ஆம் ஆண்டு முதல் அங்குப் பணியாற்றினார். தொழுநோயாளரின் விரல்கள் தாமே அழுகி விழுவதில்லை, உணர்விழந்தமையால் பட்ட காயங்களாலேயே அழிகின்றன என்று அவர் காட்டினார். ஆனால் தொழுநோய் நரம்பைப் பின்னர் வந்து கெடுப்பது. இச்சிறுவர்க்கோ அந்நரம்பு பிறக்கும்போதே இல்லை. ஏன் இல்லை? வலியோடு வியர்வையும் ஏன் சேர்ந்து மறைந்தது? வியர்வைச் சுரப்பிகள் தோலில் பழுதின்றியே இருந்தன; அவற்றை ஏவும் நரம்புதான் அவற்றை எட்டவில்லை.

விடையின் ஒரு பாதி முன்னரே கிடைத்திருந்தது. ஒருவரும் அதை இந்நோயோடு பொருத்திப் பார்க்கவில்லை. இத்தாலியின் டூரின் நகரத்து யூதப் பெண்மணி ரீட்டா லெவி-மோன்டால்சினி. முசோலினி அரசின் 1938-ஆம் ஆண்டு இனச்சட்டம் அவரைப் பல்கலைக்கழகத்தினின்று விலக்கிற்று. அவர் தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கி, தையல் ஊசியைத் தீட்டிக் கருவியாக்கி, கோழி முட்டையில் வளரும் கருவின் நரம்புகளை ஆராய்ந்தார். போருக்குப் பின் 1947-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகருக்குச் சென்றார். எலியின் கட்டியொன்றைக் கோழிக்கருவில் ஒட்டவைத்தபோது, இருவகை நரம்புகள் மட்டும் காடுபோல் தழைத்தன. ஒன்று புலனுணர்வு நரம்பு. மற்றொன்று இதயம், இரத்தக்குழாய், வியர்வைச் சுரப்பி ஆகியவற்றிற்குச் செல்லும் பரிவு நரம்பு. கட்டியிலிருந்து கசிந்த நரம்பு வளர்ச்சிப் பொருளே அதற்குக் காரணம். உடன் உழைத்த ஸ்டான்லி கோஹன் அப்பொருளைப் பாம்பின் நஞ்சிலும் கண்டார். இருவர்க்கும் 1986-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிட்டியது.

வலியும் வியர்வையும் ஒரே பொருளை நம்பி வாழும் நரம்புகளின் வேலை என்பது அக்கோழிக்கருவிலேயே எழுதப்பட்டிருந்தது. அதைப் படித்தறிய ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. வளர்ச்சிப் பொருளை ஏற்கும் வாயில் நரம்பணுவின் மீது உண்டு. அவ்வாயிலை அமைக்கும் மரபணுவை நீக்கிய எலிகள் வலியுணர்வு குன்றின என்று 1994-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு தெரிவித்தது. ஜப்பானின் குமமோட்டோ நகரத்துக் குழந்தை மருத்துவர் யசுஹிரோ இந்தோ அம்மரபணுவையே தம் நோயாளரிடம் தேடினார். அது பழுதுற்றிருந்தது. 1996-ஆம் ஆண்டில் அம்முடிவு வெளிவந்தது. வாயில் இன்மையால் அந்நரம்பணுக்கள் கருவிலேயே மடிந்துபோகின்றன.

தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்தாலன்றி இந்நோய் தோன்றுவதில்லை. பெற்றோரோ நலமாகவே இருப்பர். ஆதலின் உறவுக்குள் மணம்புரியும் கூட்டங்களில், நெகேவ் பாலைவனத்துப் பெடூயின் மக்களிடம் போல, இது சற்று மிகுதி. மாமன் மகளை மணக்கும் வழக்கமுடைய நமக்கும் இது வேற்றூர்ச் செய்தியன்று.

இந்நோயை நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஈரத்துணியும் நிழலும் குளிர்நீருமே காவல். கீறலும் வீக்கமும் உண்டோ என்று அன்றாடம் குழந்தையின் உடம்பைத் தடவிப் பார்ப்பது தாயின் வேலை. வேறோர் பக்கம், அந்த வளர்ச்சிப் பொருளைத் தடுத்தால் மூட்டுவலிக்காரர்க்கு நோவு குறையும் என்று கருதி மருந்தொன்று ஆக்கினர். நோவு குறையவும் செய்தது. ஆயினும் சிலர்க்கு மூட்டே விரைந்து சிதைந்தமையால் 2021-ஆம் ஆண்டில் அம்முயற்சி கைவிடப்பட்டது.