மேரி ராஃபர்ட்டியின் கை

பக்கவாதத்தில் அம்மாவின் வலக்கை செயலிழந்தபோது அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். மூளையைத் தூண்டிக்கொண்டே கைக்குப் பயிற்சி தந்தால் இயக்கம் திரும்புமா என்று கேட்கும் ஆய்வுகள் நிறைய. அவற்றின் வழியைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால், தொடக்கத்தில் வீட்டுவேலை செய்த ஒரு பெண் இருக்கிறாள்.

1870இல் பெர்லினில் ஃபிரிட்ச், ஹிட்சிக் இருவரும் நாயின் மூளைப் புறணியில் மின்சாரம் செலுத்தி, எதிர்ப்பக்கக் கால் அசைவதைக் காட்டினார்கள். ஹிட்சிக்கின் வீட்டில், அவர் மனைவியின் ஒப்பனை மேசையில் அது நடந்ததாகச் சொல்வார்கள். மேசை வரலாற்றில் இடம்பிடித்தது. அதற்குரியவள் இன்றும் 'ஹிட்சிக்கின் மனைவி'தான்.

1874இல் மனித உடலுக்கு வந்தார்கள். அமெரிக்காவின் சின்சினாட்டியில் மேரி ராஃபர்ட்டி, 30 வயது, அயர்லாந்தில் பிறந்தவள். தலையில் வந்த புற்றுநோய் மண்டையோட்டை அரித்து மூளையை வெளிக்காட்டியிருந்தது. மருத்துவர் ராபர்ட்ஸ் பார்த்தொலோ அந்தத் திறப்பில் ஊசிகளைச் செருகி மின்சாரம் பாய்ச்சினார். கையும் காலும் துடித்தன. மின்சாரத்தைக் கூட்டினார். அவள் அழுதாள். எதிரே இருக்கும் எதையோ பிடிக்கப் போவதுபோல் அவள் கை நீண்டது. பிறகு வலிப்பு, மயக்கம். சில நாட்களில் இறந்துபோனாள். அவளை மந்தபுத்திக்காரி என்று எழுதிய அதே மருத்துவர், அவள் சம்மதித்தாள் என்றும் எழுதினார். கண்டனங்கள் எழுந்தன. 1879இல் அவர் பிலடெல்பியாவில் பேராசிரியரானார்.

இது தூண்டலின் கதை. பயிற்சியின் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது. 1894இல் லண்டனில் நான்கு செவிலியர்கள் தொடங்கிய சங்கம்தான் பிரிட்டனில் இயன்முறை மருத்துவத் தொழிலுக்கு வேர். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி லண்டன் வந்த பெர்டா போபாத், ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் பணிசெய்த சிக்னே புருன்ஸ்ட்ரோம் இருவரும், விழுந்த கையைத் தம் கையில் ஏந்தி, அது மீளும் விதத்தைக் கவனித்து முறைகளை வகுத்தவர்கள்.

1985இல் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழுவினர், மண்டையைத் திறக்காமல் காந்தப்புலத்தால் மூளையைத் தூண்டிக் கையை அசைத்தார்கள். பின்னர் இரண்டு கதைகளும் ஒன்றுசேர்ந்தன. 2018இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் 199 பேர். எல்லோருக்கும் கைப்பயிற்சி, சிலருக்கு உண்மையான காந்தத் தூண்டல், மற்றவர்களுக்குப் போலி. ஆறு மாதத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் முதல் குழுவில் 67 சதவீதம், இரண்டாவதில் 65. அந்த எண்களை இரண்டு முறை படித்தேன். கருவி தோற்றது என்று செய்தியை முடிக்கலாம். பயிற்சி வென்றது என்றும் படிக்கலாம், ஆனால் அது தலைப்புச் செய்தியாவதில்லை.

தூண்டல் வீண் என்று நான் சொல்லவில்லை. 2021இல் வெளிவந்த ஆய்வில், கழுத்திலுள்ள வேகஸ் நரம்பைத் தூண்டிக்கொண்டு பயிற்சி பெற்றவர்களில் 47 சதவீதம் பேர் தேறினார்கள். பயிற்சியோடு போலித் தூண்டல் பெற்றவர்களில் 24. அமெரிக்கா அதே ஆண்டு அந்தக் கருவிக்கு அனுமதி தந்தது. ஆனால் அங்கும், நோயாளியின் கை அசையும் கணம் பார்த்துப் பொத்தானை அழுத்தியது பக்கத்தில் அமர்ந்திருந்த பயிற்சியாளர். ஒரு அமர்வில் 300 தடவைக்கு மேல் அசைவுகள். அத்தனை தடவையும் கூட இருப்பதற்கு ஒருவர் வேண்டும். வீட்டில் அந்த ஒருவர் மகளோ மருமகளோ மனைவியோதான். அந்த மணிநேரங்களுக்குக் கூலி கிடையாது.

தினமும் மாலை அம்மாவுக்கு எதிரே டம்ளரைச் சற்றுத் தள்ளி வைக்கிறேன். கை நடுங்கி நடுங்கி நீள்கிறது. விரல்கள் விளிம்பைத் தொடும்வரை காத்திருக்கிறேன். மேரியின் கை நீண்டபோது எதிரே வைக்க யாரும் எதையும் கொண்டுவரவில்லை.