பாட்டி வீட்டுத் தென்னையும் தொப்பிக்குள்ள ஒரு பேனும்

மயிலாப்பூர்ல பாட்டி வீட்டுக் கொல்லையில ஒத்தத் தென்னை. காயெல்லாம் சொறி பிடிச்ச மாதிரி, சூம்பிப்போய். "நீ பொறந்தப்புறம் வந்த சீக்குடா இது"ன்னாங்க பாட்டி. தேடிப் பார்த்தா நெசந்தான் :-)

பேரு ஈரியோஃபைட் சிலந்திப்பேன். 1965-ல மெக்சிகோவுல எடுத்த மாதிரிகளை வெச்சுப் பேர் கொடுத்தாங்க. இலங்கையில 1997 கடைசியில கல்பிட்டியில தலைகாட்டுச்சு. 1998-ல எர்ணாகுளம், அப்புறம் நம்மூரு. கால் மில்லிமீட்டர் உடம்பு, நாலே கால். குரும்பையோட தொப்பிக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டு சாறு உறிஞ்சும். அடிக்கிற மருந்து அங்க எட்டாது. வெளிய திரியுற, இதைத் தின்னுற நல்ல பேனுங்க மேலதான் படும்!

அதனாலதான் மோனோகுரோட்டோபாஸைப் பாலித்தீன் பையில ஊத்தி வேர்ல கட்டுனாங்க. கட்டுனா 45 நாள் காய் பறிக்கக்கூடாது. தாத்தாவும் கட்டியிருக்கார். நாள் எண்ணினாரான்னு கேட்டா பாட்டி பேச்சை மாத்துறாங்க. அந்த இளநீர் குடிச்சு வளந்தவன் நான்.

இந்தக் கூத்து பழசு. 1940-கள்ல ஆப்பிள் தோட்டங்கள்ல டிடிடி அடிக்க ஆரம்பிச்சாங்க. இரைதின்னிங்க செத்துச்சு, செஞ்சிலந்திப்பேன் பெருகுச்சு.

லுணுவில தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க வேற ரூட் பிடிச்சாங்க. நியோசியூலஸ் பராக்கின்னு ஒரு தட்டையான பேன், தொப்பிக்குள்ளயே நுழைஞ்சு தின்னும். அதை வளர்த்துத் தோப்புல விட்டாங்க.

போன ஞாயித்துக்கிழமை மருந்து கட்ட ஆள் வந்தார். வேணாம்னு அனுப்பிட்டேன். பாட்டி இன்னும் மூஞ்சி குடுத்துப் பேசல.