கூட்டி நீலச் சிலந்தி

கூட்டி நீலச் சிலந்தி (பொயிசிலோத்தேரியா மெட்டாலிக்கா) மரப்பொந்துகளில் வாழும் பெருஞ்சிலந்தி இனம். உலோகம் போல் மின்னும் நீல நிறமுடையது. 1899-இல் ஆங்கிலேய விலங்கியலாளர் ரெஜினால்ட் இன்னஸ் போக்காக் இதற்குப் பெயரிட்டார். அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு சிலந்திதான். அது அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கூட்டி இரயில் நிலைய மரக்கிடங்கில் பிடிபட்டது. அதே ஆண்டில் அவர் பெயரிட்ட இன்னொரு மரச்சிலந்தி அரக்கோணத்தில் கிடைத்ததாகும்.

பின்னர் 102 ஆண்டுகள் கூட்டிச் சிலந்தியை எவரும் கண்டதாகப் பதிவில்லை. 2001-இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மீண்டும் கண்டறியப்பட்டது. அவ்விடம் கூட்டியிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவு. எனவே முதற்சிலந்தி மரத்தோடு இரயிலில் வந்திருக்கலாம் எனக் கருதுகின்றனர். ஊர் தவறானாலும் பெயர் நிலைத்துவிட்டது.

இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதனை ஆர்வலர்கள் வீட்டில் வளர்த்து இனப்பெருக்கமும் செய்கின்றனர். தரைச்சிலந்திக்குரிய தாழ்ந்த பெட்டி இதற்கு உதவாது. உயரமான பெட்டியும், பொந்துக்கு ஈடாக நிமிர்த்தி வைத்த மரப்பட்டையும், நல்ல காற்றோட்டமும், சிறு நீர்க்கிண்ணமும் வேண்டும். சிள்வண்டு, கரப்பான் இதன் இரை. கையில் எடுப்பது தவறு. மின்னலாய் ஓடும், கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் உண்டாகும்.

கண்ணாடிப் பெட்டிகளில் பெருகிய இச்சிலந்தியின் சொந்தக் காடோ 100 சதுர கி.மீ.க்கும் குறைவு. விறகுக்காக அங்கு மரங்கள் வெட்டப்படுகின்றன. 2008-இல் இது மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. 2019-இல் இப்பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது.