ஈரிலக்க ஆண்டும் காஞ்சிபுரத்துச் சரக்கும்

கல்வெட்டுகளைப் படிப்போர்க்கு ஒரு பழைய இடர்ப்பாடு உண்டு. சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறி மாறிச் சூடினர். பரகேசரி என்ற பட்டமும் ஆட்சியாண்டும் மட்டுமே கல்லில் இருந்தால், அவர் முதற் பராந்தகரா, உத்தம சோழரா என்பதை எழுத்தமைதியையும் ஊர்ப்பெயர்களையும் கொண்டுதான் துணிய வேண்டும். அறுபதாண்டு வட்டத்திலும் இதே சிக்கல்தான். பிரமாதி வருடம் என்று மட்டும் எழுதினால் அது 1939இல் பிறந்ததாகவும் இருக்கலாம், 1999இல் பிறந்ததாகவும் இருக்கலாம். எழுதியவருக்கு ஐயமில்லை, அவர் காலத்துப் பரகேசரி ஒருவரே. திண்டாடுபவர் பின்னால் வருபவர்.

கணினிக்கு நிரல் எழுதியவர்களும் இதையே செய்தார்கள். துளையட்டையில் எண்பது கட்டங்களே இருந்தன, நினைவகமோ பெருவிலை. ஆகவே ஆண்டின் முதல் இரண்டு இலக்கங்களை விட்டுவிட்டார்கள். 1999 என்பது 99 ஆயிற்று. 2000 பிறந்ததும் 00 வரும். அதைக் கணினி 1900 என்று கொள்ளும். 1998இல் வந்திறங்கிய சரக்கின் வயது கழித்தல் 98 என்று விடை வரும். ஒய்2கே என்று அன்று உலகம் அஞ்சியது இதனைத்தான்.

வங்கிக் கணக்கு தவறினால் திருத்திக்கொள்ளலாம். வேதிப்பொருள் ஆலையிலும் அதை ஏற்றிச் செல்லும் லாரியிலும் தவறு நேர்ந்தால் திருத்துவதற்கு அவகாசம் இராது. இந்த அச்சத்துக்கு ஒரு முன்னிகழ்வும் இருந்தது. 1996ஆம் ஆண்டின் கடைசி இரவில் நியூசிலாந்தின் திவாய் பாயிண்ட் அலுமினிய உருக்காலையில் கட்டுப்பாட்டுக் கணினிகள் ஒருசேர நின்றன. அது நெட்டாண்டு, 366ஆம் நாள் ஒன்று உண்டென்பதை அந்த நிரலுக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து, அங்கே நள்ளிரவு ஆனபோது, ஆஸ்திரேலியாவின் பெல் பே ஆலையிலும் அதுவே நடந்தது. 1999 மார்ச்சில் அமெரிக்க வேதிப்பொருள் பாதுகாப்பு வாரியம் தன் நாட்டு ஆலைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பெரிய ஆலைகள் ஓரளவு ஆயத்தமாக இருந்தன. சிறிய, நடுத்தர ஆலைகளைப் பற்றித்தான் அதற்குக் கவலை.

அந்தக் கவலையைக் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். கோயில் நகரம், பட்டு நகரம் என்றே இவ்வூரை அறிவோம். இது வேதிப்பொருள்களை நம்பியிருக்கும் நகரமும் ஆகும். கச்சாப் பட்டின் பசையை நீக்கச் சோப்பும் சோடாவும் வேண்டும். சாயம் ஏற்ற அசிட்டிக் அமிலம் வேண்டும். நூல் கர்நாடகத்திலிருந்து வந்தது. சரிகை பெரிதும் சூரத்திலிருந்து வந்தது. சாயத் தொழிற்சாலைகள் மிகுதியும் குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் இருந்தன. சோடா தூத்துக்குடியிலும் குஜராத்தின் மிட்டாப்பூரிலும் உற்பத்தியானது. இவற்றை லாரியும் ரயிலும் சுமந்துவர, சாயப்பட்டறையில் அடுப்பு எரிந்தது. நடுவில் எங்கேனும் ஒரு கண்ணி அறுந்தால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும்.

2000 ஜனவரி முதல் நாள் சனிக்கிழமை; பிரமாதி வருடத்து மார்கழி. கந்தகாருக்குக் கடத்தப்பட்ட விமானத்தின் பயணிகள் முந்தைய நாள்தான் விடுவிக்கப்பட்டிருந்தனர். செய்தித்தாள்கள் அதையே பேசின. சென்னை பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரிகள் வழக்கம்போல் ஓடின.

ஏன் ஒன்றும் நடக்கவில்லை? இதற்கு ஒரே விடை சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. விடைகள் இரண்டு, அவை ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும்.

சங்கிலியின் மேல்முனையில் சுத்திகரிப்பு நிலையங்கள், பெரும் வேதியாலைகள், வங்கிகள், ரயில்வே ஆகியவை இருந்தன. அங்கே கணினி உண்டு, பிழையும் உண்டு. 1998இல் மத்திய அரசு மாண்டேக் சிங் அலுவாலியா தலைமையில் ஒரு செயற்குழுவை அமைத்தது. சென்னையிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் இளைஞர்கள் பிற நாட்டு நிறுவனங்களின் பழைய கோபால் நிரல்களை வரி வரியாகப் படித்துத் திருத்தினார்கள். தமக்கு முன் யாரோ எழுதிய பிரதியில் விடுபட்ட இலக்கத்தைத் தேடிச் சேர்த்த அவர்களது வேலை, பதிப்பாசிரியர் வேலைக்கு நெருங்கிய உறவு. திருத்தம் தப்பிய இடங்களில் விளைவு தெரிந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கருவுற்ற பெண்களின் வயதைக் கணினி தவறாகக் கணக்கிட, 150க்கும் மேற்பட்டோருக்குப் பரிசோதனை முடிவு பிழையாகச் சொல்லப்பட்டது.

கீழ்முனையில் நிலைமை வேறு. சாயக்கடைப் பேரேடும் கூட்டுறவுச் சங்கத்துப் பாவு, ஊடைக் கணக்கும் பெரும்பாலும் கையெழுத்து. லாரி ரசீது கார்பன் தாள் வைத்து எழுதப்பட்டது. அனுப்புபவருக்கு ஒரு படி, பெறுபவருக்கு ஒரு படி, ஓட்டுநருக்கு ஒரு படி. அன்றைய லாரியின் டீசல் இயந்திரத்தில் சில்லு கிடையாது. போபாலுக்குப் பின் வந்த 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டியின் உடலிலேயே பொருளின் பெயரையும் அவசரத் தொலைபேசி எண்ணையும் எழுதச் சொல்லியிருந்தன. விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியதைக் கூறும் அட்டையும் ஓட்டுநரிடம் இருக்க வேண்டும். இவை எவற்றுக்கும் நள்ளிரவில் வயது குழம்பாது.

மேலே உழைப்பு காத்தது. கீழே தாள் காத்தது. பின்னர் எழுந்த பொதுப்பேச்சு இரண்டையும் மறந்து, ஒய்2கே வெறும் புரளி என்று முடித்துக்கொண்டது. உடையாத ஏரிக்கரையைப் பார்த்து, வெள்ளமே வரவில்லை என்று சொல்வதைப் போன்றது இது. வெள்ளத்துக்கு முன்பே கரையில் மண் கொட்டியவர்களை யாரும் நினைப்பதில்லை.

இந்த மறதிக்கு விலை உண்டு. இன்று கீழ்முனையும் கணினிக்குள் வந்துவிட்டது. மாநிலம் விட்டு மாநிலம் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு செல்ல, சில விலக்குகள் நீங்கலாக, மின்வழிச் சீட்டு வேண்டும். 2018 பிப்ரவரி 1 அன்று அது நடைமுறைக்கு வந்தபோது முதல் நாளே இணையதளம் திணறியது. அரசு திட்டத்தை ஒத்திவைத்து, ஏப்ரல் முதல் நாள்தான் மீண்டும் தொடங்கிற்று. 2000இல் எந்தக் கணினியும் நிறுத்தாத லாரிகளுக்கு 18 ஆண்டுகள் கழித்து ஓர் இணையதளம் இடையூறானது. 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையால் உலகெங்கும் கணினிகள் முடங்கியபோது, நம் நாட்டு விமான நிலையங்களில் விமானம் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எழுதும் பழக்கம் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. நொடிகளை 32 பிட்டில் எண்ணும் பழைய கணினிகளுக்கு 2038 ஜனவரி 19 அன்று அடுத்த தவணை காத்திருக்கிறது.

கணினியை விட்டுத் தாளுக்குத் திரும்ப வேண்டும் என்பது என் கருத்தன்று. கல்வெட்டுகளிடமே இன்னொரு பாடமும் உண்டு. விசயநகர காலத்துக் கல்வெட்டுகளில் சக ஆண்டு இருக்கும். அதனோடு அறுபதாண்டு வட்டப் பெயரும் மாதமும் திதியும் கிழமையும் நட்சத்திரமும் சேர்ந்து வருவதுண்டு. ஒன்றில் எழுத்து சிதைந்தாலும் மற்றவை சாட்சி சொல்லும். இந்தச் சாட்சிகளை ஒத்துப் பார்ப்பதற்குத்தான் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை வானியல் அட்டவணைகளைத் தொகுத்தார். ஒரே செய்தியைப் பல வழிகளில் எழுதிவைப்பது வீண் செலவு என்று அந்தக் கல்தச்சர் நினைக்கவில்லை. அமிலம் ஏற்றிவரும் லாரிக்கும் அதே நியாயம்தான்: திரை இருண்டாலும், வண்டியில் இருப்பது என்ன என்று வண்டியே சொல்ல வேண்டும்.