பழைய இரும்புப் பெட்டியின் பூட்டைச் செய்தது யார்?

பண்பொழி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது திருமலைக்குமாரசாமி கோயில்தான். ஆனால் அந்த ஊரை ஒட்டிய செங்கோட்டை, தென்காசி வட்டாரம் ஒரு காலத்தில் பெரிய வியாபாரப் பாதையும்கூட. செங்கோட்டை தாலுகா 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலத்தோடு) சேர்ந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர். 1904ல் செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. மலையின் இரண்டு பக்கமும் சரக்கு போனது, பணம் வந்தது. பணம் வந்தால் அதைப் பூட்டி வைக்க இரும்புப் பெட்டி வேண்டுமே!

அப்படிப்பட்ட பழைய இரும்புப் பெட்டி ஒன்று எந்த ஊரில் கண்ணில் பட்டாலும் எழும் கேள்வி ஒன்றுதான். இதன் பூட்டைச் செய்தது யார்?

கதவில் பதித்த பித்தளைத் தகட்டைப் படித்தால் போதும் என்று தோன்றும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தகட்டில் இருப்பது விற்ற ஏஜென்டின் பெயராக இருக்கலாம். பெட்டி செய்தவர் ஒருவர், பூட்டு செய்தவர் வேறொருவர் என்பதும் உண்டு. லண்டன் முகவரி போட்ட சப் கம்பெனிப் பூட்டுகளில் பல, வுல்வர்ஹாம்ப்டன் என்ற ஊரில் செய்யப்பட்டவை. 'பேட்டன்ட்' என்று ஓர் ஆண்டு பொறித்திருந்தால், பூட்டு அந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று அர்த்தமில்லை. அதற்கு முன்னால் செய்யப்படவில்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

அப்படியானால் எதை நம்புவது? பூட்டின் உள்வேலையை!

முதலில் சாவி. சாவி சிறிய குழாய் போல இருந்து, அதன் நுனியில் மட்டும் வெட்டுகள் இருந்தால் அது பிராமா வகை. ஜோசப் பிராமா 1784ல் இதற்கு பேட்டன்ட் வாங்கினார். சாவியின் பல்லில் படிப்படியாக வெட்டு இருந்தால் அது லீவர் பூட்டு. படிகளை எண்ணினால் உள்ளே எத்தனை லீவர் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். ஒரு படி மட்டும் பூட்டின் நாக்கை நகர்த்துவதற்கு.

அடுத்தது லீவர்கள் நடந்துகொள்ளும் விதம். 1817ல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கப்பல் துறையில் கள்ளச்சாவி போட்டுத் திருட்டு நடந்தது. கள்ளச்சாவிக்கு மசியாத பூட்டு வேண்டும் என்று அரசு போட்டி அறிவித்தது. 1818ல் ஜெரமையா சப் 'டிடெக்டர்' பூட்டைக் கொண்டுவந்தார். தவறான சாவி போட்டு லீவரை அளவுக்கு மேல் தூக்கினால் பூட்டு சிக்கிக்கொள்ளும். பிறகு உண்மையான சாவியைப் போட்டாலும் உடனே திறக்காது! அதிலிருந்தே யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று உரிமையாளருக்குத் தெரிந்துவிடும். பின்னாளில் வந்த வகைகளில் அதே சாவியை எதிர்ப்பக்கம் திருப்பினால் சிக்கு விடும். பழைய பூட்டு ஒன்று இப்படி நடந்துகொண்டால் சப் பெயரை முதலில் சந்தேகிக்கலாம். அந்தக் கம்பெனி பூட்டுகளுக்கு வரிசை எண் கொடுத்துப் பதிவும் வைத்தது. எனவே எண் அழியாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

1851ல் லண்டன் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ், சப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். பிராமா பூட்டுக்கு 16 நாட்களில் 51 மணி நேரம் ஆனது. அதன் பிறகு லீவரின் வடிவங்கள் மாறத் தொடங்கின. அந்த மாற்றங்களும் காலத்தைக் காட்டும் தடயங்கள்தான்.

எல்லாப் பூட்டும் சீமையிலிருந்து வந்ததா என்றால் இல்லை. வக்கீல் தொழிலை விட்ட அர்தேஷிர் கோத்ரெஜ் 1897ல் பம்பாயில் பூட்டு செய்யத் தொடங்கினார். 1902ல் இரும்புப் பெட்டியும் வந்தது. நம் பக்கத்தில் திண்டுக்கல் இருக்கிறது. அங்கே மாங்காய்ப் பூட்டு, மணி அடிக்கும் பூட்டு, இரட்டைச் சாவிப் பூட்டு என்று எத்தனையோ வகை. லீவர்களை அரத்தால் ராவி, ஒவ்வொன்றாகக் கையால் பொருத்துவார்கள். 2019ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆனால் இங்கேதான் வருத்தமான விஷயம். சப் பூட்டுக்கு எண் உண்டு, பதிவேடு உண்டு. ஆசாரி தன் பட்டறையில் செய்த பூட்டுக்குப் பெரும்பாலும் எதுவும் இல்லை. அரம் போன தடம், லீவர் வெட்டிய விதம், ஸ்பிரிங் வளைத்த விதம், இவைதான் அவர் போட்ட கையெழுத்து. அதைப் படிக்க வேண்டுமென்றால் பூட்டு முழுசாக இருக்க வேண்டும்.

நடப்பது என்ன? சாவி தொலைந்தால் கட்டர் வருகிறது. பூரி ஜகந்நாதர் கோயிலின் ரத்ன பண்டாரம் பல ஆண்டுகளுக்குப் பிறகு 2024 ஜூலை 14 அன்று திறக்கப்பட்டபோதும், சாவிகள் சேராததால் உள்ளறையின் மூன்று பூட்டுகளை அறுக்க வேண்டி வந்தது. அங்கே மாஜிஸ்திரேட் இருந்தார், எல்லாம் பதிவானது. வீட்டிலும் கடையிலும் அப்படி யார் பதிவு செய்கிறார்கள்? அறுத்த பூட்டு நேராகக் காயலான் கடைக்குப் போகிறது. அதைச் செய்தவரின் ஒரே சாட்சியும் அதோடு போகிறது.

ஆகவே பழைய பெட்டி ஒன்றை உடைக்கும் நிலை வந்தால், முதலில் தகடு, எண், சாவித் துவாரம் எல்லாவற்றையும் படம் எடுத்து வைக்க வேண்டும். பழக்கமுள்ள பூட்டுக்காரரிடம் ஒருமுறை காட்ட வேண்டும். அறுத்தே ஆக வேண்டும் என்றால், உள்ளே இருக்கும் லீவர்களையாவது தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டிக்குள் நகை இல்லாமல் போகலாம். பூட்டுக்குள் ஒரு ஆசாரியின் பெயர் தெரியாத உழைப்பு நிச்சயம் இருக்கும்.